கப்பல் வரும் கடைவீதி

சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டுக்குக் கீழே இறங்கும் சரிவில், திடீரென்று கொட்டிய மழைக்கு ஒதுங்கி ஒரு மளிகைக் கடையின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தபோது, கடைப் பையன் வெங்காய மூட்டை ஒன்றின் வாய்த்தையலைப் பிரித்தான். நனைந்த சாக்கின் நெடியும், முளைவிடத் தொடங்கிய வெங்காயத்தின் காரமும், கப்பலின் அடித்தட்டில் நாள்கணக்காகக் கிடந்ததனால் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கின் வாடையும் ஒன்றாகக் கலந்து எழுந்த அந்தக் கணத்தில், என் தகப்பனார் இதே வீதியில் கடை வைத்திருந்த காலமும், கடையின் முன்னே கூடிக் கலைந்த ஜனங்களும், அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, வாலிபப் பிராயத்திலேயே பிழைப்பைத் தேடிக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் நகரம், 2024-ஆம் ஆண்டு வரையில் போர்ட் பிளேர் என்று பெயர் கொண்டிருந்தது. அதன் இருதய ஸ்தானம் அபர்தீன் பஜார். மணிக்கூண்டின் அடியில் நின்று பார்த்தால், ஒரு சாலை மேடேறி செல்லுலர் ஜெயிலுக்கும் கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரிக்கும் போகும். மற்றொன்று மோகன்புராப் பேருந்து நிலையத்துக்கு இறங்கும். இன்னொன்று ராஸ் தீவை எதிரே பார்க்கும் கடற்கரைக்குக் கொண்டுவிடும். சற்று அப்பால் போனால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளின் பீனிக்ஸ் பே ஜெட்டி. நிலத்தில் போகிறவனும் நீரில் போகிறவனும் இந்த வீதியைத் தொடாமல் போக முடியாது. இங்கே ஒரு சந்தின் முனையில், ஆள் ஒருவர் கை விரித்தால் இரு சுவரையும் தொடக்கூடிய அளவுள்ள இடத்தில், தகப்பனார் தம் மளிகைக் கடையை ஆரம்பித்தார். தமிழர் மாத்திரம் அல்லாமல் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் அதை அண்ணாச்சி கடை என்றே சொன்னார்கள்.

பிரயாணம் எங்கே நிற்கிறதோ அங்கே வியாபாரம் வேர் பிடிக்கும் என்பது உலகமெங்கும் காண்கிற உண்மை. ஜப்பானில் ஒஸாகா நகரத்து உமேதாவில், ஹான்க்யு ரயில் கம்பெனியார் தங்கள் நிலையத்திலேயே 1929-ஆம் ஆண்டு ஒரு பெரிய அங்காடியைத் திறந்தார்கள். ரயிலேற வந்தவர்கள் கடைக்கும், கடைக்கு வந்தவர்கள் ரயிலுக்குமாக அந்த வட்டாரம் பெருகி, அந்நாட்டின் பெரிய வியாபார ஸ்தலங்களில் ஒன்றாயிற்று. அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் வண்டி வரும். எங்களுக்கோ சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் சமுத்திரத்தைத் தாண்டிக் கப்பல் வரவேண்டும். அது மூன்று நாள் யாத்திரை; புயற்சின்னம் தோன்றிவிட்டால் எப்போது புறப்படும், எப்போது வந்து சேரும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல இயலாது. ஆகையால் எங்கள் பஜாரின் வியாபாரம் முழுவதும் காத்திருத்தலின் மேலேயே நின்றது.

கப்பல் எப்போது என்ற கேள்வியோடுதான் அக்காலத்தில் கடைவீதி விழிக்கும். சர்க்கார் வெளியிடும் டெய்லி டெலிகிராம்ஸ் பத்திரிகையில் வேறு எந்தச் செய்தியைப் பார்ப்பதற்கு முன்னும், கப்பல்களின் வருகை புறப்பாட்டைச் சொல்லும் பகுதியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஹர்ஷவர்த்தனா, அக்பர், பிற்பாடு நான்கௌரி, ஸ்வராஜ் த்வீப் என்ற பெயர்கள், எங்களுக்குச் சொந்த பந்துக்களின் பெயர்களைப் போலவே பரிச்சயமாக இருந்தன. கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று தெரிந்தால் உருளைக்கிழங்கின் விலை ஏறும். நான்கு நாளானால் வெங்காயம் தராசுக்கு வருவதே அபூர்வமாகிவிடும். அப்பொழுதெல்லாம் தகப்பனார் எஞ்சியிருந்த சரக்கை ஒருவருக்கே மொத்தமாகப் போடாமல், வீட்டுக்கு அரைக் கிலோ, கால் கிலோ என்று பிரித்துக் கொடுப்பார். “கப்பல் வர்ற வரைக்கும் எல்லார் வீட்லயும் குழம்பு கொதிக்கணும்ல?” என்பார். மிகுந்த விலைக்கு மூட்டையோடு கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

கப்பல் ஹேடோ துறையை அணைந்த செய்தி, லாரிகள் வருவதற்கு முன்பே பஜாரை எட்டிவிடும். பிறகு ஒவ்வொரு லாரியாகச் சரிவேறி வந்து தார்ப்பாயை அவிழ்க்கும். மூட்டை பிரிக்கும் வேலையில் என்னையும் தகப்பனார் உட்கார வைப்பார். சாக்கை விரித்து வெங்காயத்தைக் கொட்டி, அழுகினதை ஒருபுறமும், முளை கண்டதை ஒருபுறமும், உருப்படியாயிருப்பதை மற்றொருபுறமுமாகத் தள்ளவேண்டும். அவர் கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதையே நம்புவார். காம்பு இருந்த இடத்தில் விரல் இலேசாக உள்ளே போனால், மேலே எவ்வளவு சிவந்து பளபளத்தாலும் அது அன்றைக்கே விற்றாக வேண்டிய காய். முளை கண்டதை விலை குறைத்து வாசலில் பரப்புவார். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்தக் குவியல் கரைந்து போகும்.

மாலை விளக்கு என்று சொன்னதும் இந்தத் தீவின் பொழுதைப் பற்றிச் சொல்லவேண்டும். தேசம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், வெகு கிழக்கே இருக்கும் எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் நன்றாக இருட்டிவிடும். அந்த முன்னிருட்டில் கடைகளில் விளக்கேறி, அலுவலகங்கள் விட்டு ஜனங்கள் இறங்கி வரும் வேளைதான் பஜாரின் முழு அழகும் தெரிகிற வேளை. கப்பல் வந்த நாளாக இருந்தால் கடிதங்களும் வந்திருக்கும். தமிழ் வாரப் பத்திரிகைகளும் மூன்று, நான்கு வாரத்து இதழ்கள் ஒரே கட்டாக வந்திருக்கும். தாய்நாட்டில் வாரம் ஒன்றாக ஏங்கி ஏங்கிப் படித்த தொடர்கதையை, எங்கள் தாயார் ஒரே இரவில் நான்கு அத்தியாயம் படித்து முடித்து, மறுநாள் அதைப் பக்கத்து வீட்டாருக்குக் கதையாகச் சொல்லுவார்; அவர்களிற் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது.

அந்தப் பக்கத்து வீட்டாரின் பூர்வ கதை இந்தத் தீவின் கதையே ஆகும். லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789-இல் ஏற்படுத்திய முதல் குடியேற்றம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் மாதம் டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மே 17-ஆம் தேதி, தங்கள் மண்ணைக் காக்க வில்லேந்தி வந்த அந்தமான் பழங்குடியினர், துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று போரிட்டு மாண்டது இந்த அபர்தீனில்தான். ராஜ்யபாரம் எதிரேயுள்ள ராஸ் தீவில் நடக்க, அதற்கு இக்கரையாக அமைந்த அபர்தீன் மெல்ல மெல்ல ஊராயிற்று. தண்டனையில் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்த கைதிகளுக்கு, செல்ப் சப்போர்ட்டர் என்ற அந்தஸ்து கொடுத்து, பயிர் செய்தும் தொழில் செய்தும் குடும்பமாக வாழ அனுமதித்தார்கள். வடக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சென்னை ராஜதானியிலிருந்தும் விலங்கோடு வந்தவர்கள், இங்கே ஜாதியையும் பாஷையையும் தாண்டி மணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய சந்ததியாரே லோக்கல் பார்ன் என்று வழங்கும் எங்கள் அயலார்.

அவர்களுக்குப் பின்னும் கப்பல்கள் ஆட்களைக் கொண்டு வந்தபடியே இருந்தன. 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியில் தண்டனை பெற்ற மாப்பிள்ளைமார், பர்மாவிலிருந்து கரேன்கள், சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், நாடு பிரிந்தபின் கிழக்கு வங்கத்தை இழந்து வந்த அகதிகள், பர்மாவையும் இலங்கையையும் விட்டு வந்த தமிழர்கள் என்று, ஒவ்வொரு துக்கமும் ஒரு கப்பலாக இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் எல்லோரும் முதல் முதல் உப்பும் அரிசியும் வாங்கியது இந்த வீதியில். ஹிந்துஸ்தானியில் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்குள் போய் அவரவர் பாஷையில் உண்டார்கள். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் காவடி எடுக்கிறவர்களில் தமிழறியாதவர்களும் இருந்தார்கள்; ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கு எங்கள் கடையிலிருந்து பேரீச்சம்பழம் தட்டுத் தட்டாகப் போகும்.

எங்கள் கடைக்கு அடுத்த தையற்கடையில் ஒரு முதியவர் இருந்தார். ஜப்பானியர் வந்தபோது அவர் பிள்ளைப் பிராயத்தைத் தாண்டாதவர். 1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை தீவில் இறங்கியதையும், ஆரம்பத்தில் விடுதலை வந்ததென்று நம்பியவர்கள் உடனேயே நிலைகுலைந்ததையும், ஜுல்பிகர் அலி என்ற வாலிபன் வீடு புகுந்த சிப்பாய்கள்மேல் காற்றுத் துப்பாக்கியால் சுட்டதற்காக ஜனங்கள் காணக் கொல்லப்பட்டதையும் அவர் சொல்லும்போது, கையிலிருந்த ஊசி தானாக நின்றுவிடும். 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியேற்றியதைப் பேசும்போது அதே முகம் மலர்ந்து போகும். ஆனால் அதற்கு ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30-ஆம் தேதி, ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 44 பேர் ஹம்பிரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; டாக்டர் திவான் சிங் சித்திரவதையால் அதே மாதத்தில் உயிர் நீத்தார். கடைசி ஆண்டுகளில் கடலில் நேச நாட்டாரின் கப்பல்கள் காவலிருந்தமையால் வெளியிலிருந்து ஒரு மணி அரிசியும் வரவில்லை. “கப்பல் வரலேன்னா பஜார் இல்லே, பேட்டா, பஜார் இல்லேன்னா ஊரே இல்லே,” என்று அவர் என்னிடம் ஹிந்துஸ்தானியும் தமிழும் கலந்து சொல்லுவார். வெள்ளித் தட்டில் சோறு உண்ணும் செல்வனுக்கும் அந்நாட்களில் மரவள்ளிக்கிழங்குதான் உணவு என்பது அவர் வாயால் நான் கேட்டறிந்த செய்தி.

பஜாருக்கு மற்றொரு முகம் மோகன்புராப் பேருந்து நிலையம். விடியற்காலை நான்கு மணிக்கே அங்கே கூட்டம் கூடிவிடும். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் செல்லும் வண்டிகள் ஜிர்காடாங்குச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்து, ஜாரவா மக்களின் காட்டைக் காவல் வரிசையாக மாத்திரமே கடக்கவேண்டும். பிறகு கடற்கழியில் வண்டியையே படகிலேற்றி அக்கரை சேர்க்க வேண்டும். வடக்கே போகிறவர்கள் முந்தின இரவே வந்து பஜாரின் திண்ணைகளில் படுத்திருப்பார்கள். புத்தக மூட்டை, கோழிக்கூடை, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பொட்டலம், தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைக் குடம் என்று அவரவர் தலைமாட்டில் அவரவர் காரியம் இருக்கும். தகப்பனார் மூன்றரை மணிக்கே ஒரு பலகையை மாத்திரம் எடுத்து வைத்துக் கடையைத் திறப்பார். அவ்வேளையில் வியாபாரம் ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் பீடிக்கட்டும் போகும். இருந்தாலும் திக்லிப்பூர் வண்டி கிளம்பும் வரையில் அவர் விளக்கை அணைக்க மாட்டார்.

அப்போது மரமே தீவின் பெருஞ்செல்வமாக இருந்தது. சாத்தம் தீவின் மரமறுக்கும் ஆலை 1883-ஆம் ஆண்டு தொடங்கி நடந்து வருவது. படாக், கர்ஜன் மரங்களை நம்பிப் பிளைவுட் ஆலைகளும் இருந்தன. சம்பள நாளில் ஆலைத் தொழிலாளர் கூட்டமாகப் பஜாருக்கு வருவார்கள். 2002-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு மரவெட்டைக் கட்டுப்படுத்தியபின் அந்தப் பிளைவுட் ஆலைகள் மூடிப்போயின. காடு தப்பியது நல்லதென்றே நானும் எண்ணுகிறேன்; ஆயினும் அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று தகப்பனார் வெகு நாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் விசாரித்ததற்குக் காரணம் உண்டு. தூரத் தீவுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அவர் கடனாகச் சாமான் கொடுப்பார். அடுத்த படகு எப்போது என்று தெரியாதவர்களிடம் தவணை கேட்பது நியாயமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். சிட்டையில் குறித்து, இரவில் அதைப் பேரேட்டில் ஏற்றுவார். பெயருக்கு எதிரே ஊரை எழுதுவார். ஹட் பே, கமோர்ட்டா, கார் நிக்கோபார், காம்ப்பெல் பே என்று அந்தப் பேரேட்டைப் புரட்டினால் தீவுகள் முழுவதையும் பார்த்துவிடலாம். பூகோளம் நான் முதலிற் படித்தது அதில்தான்.

கச்சால் தீவிலிருந்து ஒருவர் வருவார். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிரிமாவோ உடன்படிக்கையினால் இலங்கை மலையகத்தை விட்டுவந்து, கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்டுக்கு இரண்டொரு முறை படகிலே வந்து, மிளகாயும் புளியும் பெருங்காயமும் வாங்கிப் போவார். வந்ததும் பழைய பற்றை அடைத்துவிட்டுத்தான் புதிய கணக்குக்கு வாய் திறப்பார். தகப்பனாரும் அவரும் தேயிலைத் தோட்டத்தையும் ரப்பர்த் தோட்டத்தையும் பற்றி வெகு நேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் பொட்டலம் கட்டுவேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. பூமி அதிர்ந்து, தென் அந்தமானில் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட்டு வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. அதைவிடக் கொடிய செய்தி நிக்கோபார்த் தீவுகளிலிருந்து வந்தது. அவற்றுள் கச்சால் பட்ட பாடு சொல்லத் தரமன்று. பிழைத்தவர்களைக் கப்பல்களிலும் விமானங்களிலும் கொண்டுவந்து, பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டு வைத்தார்கள். பஜாரில் ஒருவரும் ஒருவரை அழைக்கவில்லை. கடைக்காரர்கள் அவரவர் கடையிலிருந்ததை அவரவரே தூக்கிக்கொண்டு முகாம்களுக்கு நடந்தார்கள்.

சில நாளைக்கெல்லாம் கச்சால்காரர் கடை வாசலில் வந்து நின்றார். உடம்பிலே யாரோ கொடுத்த சட்டை. மனைவியும் மூத்த மகனும் இல்லை. தகப்பனார் எழுந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு பேச்சின்றி நின்றார். சற்றுப் பொறுத்து அவர்தான் பேசினார்: “அண்ணாச்சி, எம்பேர்ல பத்து இருக்கே. இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” அந்தக் கணக்கை அடித்துவிடும்படி நான் தகப்பனாரிடம் ஜாடை காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். “கணக்கு அப்படியே இருக்கட்டும், ஐயா. அது இருந்தாத்தான் நீங்க திரும்பி இங்க வருவீங்க. இதையும் சேர்த்து எழுதிக்கிறேன்,” என்று அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்து, அவர் கண்ணெதிரேயே பேரேட்டில் ஏற்றினார். போகும்போது அவருடைய நடை, வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தது. எல்லாவற்றையும் இழந்துவிட்ட மனிதனுக்குத் தர்மத்தைவிட நம்பிக்கையே பெரிய உதவி என்பதைத் தகப்பனார் எனக்கு உபதேசம் செய்யாமலே அன்றைக்குக் கற்பித்தார். பிறகு சில ஆண்டுகளில், கூலி வேலை செய்த பணத்தில் சிறுகச் சிறுகக் கொடுத்து, அந்த மனிதர் கடைசிப் பைசா வரை தீர்த்தார்.

இன்று பஜார் மிகவும் மாறிவிட்டது. விமானங்கள் நாள்தோறும் வந்திறங்குகின்றன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு, வாழைப்பழம் விற்கிறவரும் செல்போனில் பணம் வாங்கிக்கொள்கிறார். கப்பல் எப்போது என்று கேட்டு விழிக்கும் வழக்கம் போய்விட்டது. பித்தளைக் குடக் கடைகள் இருந்த இடத்தில் சிப்பி மாலைகளும் முத்துச் சரங்களும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொங்குகின்றன. இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து அடுத்த கப்பலில் வரும் என்று காத்திருந்த தாய்மார்களை நான் அறிவேன். அந்தக் காலம் திரும்பவேண்டாம்.

ஆனால் தூரத் தீவுகளின் ஜனங்கள் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கோர்ட்டுக்கும் செக்ரடேரியட்டுக்கும் அவர்கள் இங்கேதான் வந்தாகவேண்டும். காற்று பலமாக அடித்தால் திரும்பும் படகு நின்றுபோவதும், கையிருப்புக் கரைந்து அவர்கள் திண்டாடுவதும் இன்றைக்கும் நடக்கிற காரியமே. அவர்களில் செல்போனில் பணம் இல்லாதவரும் உண்டு. இந்த வீதியில் ஒருவரையும் அறியாதவரும் உண்டு. அபர்தீன் பஜார் பெரியதானது சரக்கினால் அன்று. விலங்கோடு வந்தவனுக்கும், வீடிழந்து வந்தவனுக்கும், பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு அரிசி நிறுத்துக் கொடுத்ததனால் அது பெரியதாயிற்று. இன்று கடை நடத்துகிற இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பேரேடு போய் இயந்திரம் வந்தாலும் வரட்டும், படகு தவறி வந்து நிற்கிறவனிடம் முதலில் எந்தத் தீவு என்று விசாரியுங்கள், பணத்தைப் பிறகு கேளுங்கள்.